செலவுப் பக்கம் மட்டும் காட்டினால் கணக்கு ஆகாது

தமிழ்த் தொலைக்காட்சிகளிலும் ஓடிடி தளங்களிலும் நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தவள். வெளிநாட்டில் வாழும் பணக்காரப் பெண்களைச் சுற்றி எடுக்கப்படும் ரியாலிட்டி தொடர்கள் பற்றி உங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. தடை செய்யச் சொல்லிக் கேட்க வரவில்லை. இந்த மாதிரிக் கடிதம் என்றாலே "நம் பண்பாடு என்ன ஆவது" என்றுதான் தொடங்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இவற்றை ஆசையாகப் பார்க்கிறவர்கள். என் கடையில் ஊக்கு தைக்க, காஜா எடுக்க வருகிற பெண்கள் போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்வார்கள். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாதவர்களுக்கு என் தங்கை மகள் வாயாலேயே சொல்லிக்கொண்டு வருவாள். சண்டை வந்துவிட்டால் அவளும் தேவையில்லை. சம்பந்தி வீட்டுச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு எந்த ஊர்ச் சண்டையும் புரியும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இப்படி ஒன்றைத் தமிழில் எடுக்க உங்களுக்கு என்றைக்காவது தோன்றும். பிக் பாஸ் 2017ல் தமிழுக்கு வந்தது. சர்வைவரும் மாஸ்டர் செஃபும் 2021ல் வந்தன. இந்தி நடிகர்களின் மனைவிமார்களை வைத்து நெட்ஃபிளிக்ஸ் 2020லேயே ஒரு தொடரை ஓட்டிவிட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ வசதியாக இருக்கும் தமிழ்ப் பெண்கள் ஐந்தாறு பேரைப் பிடிப்பது உங்களுக்குக் கஷ்டமே இல்லை. தாராளமாக எடுங்கள், முதல் ஆளாக நாங்கள் பார்ப்போம். ஆனால் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த வகைத் தொடர்களுக்கெல்லாம் பெரியம்மா மாதிரி இருப்பது 'தி ரியல் ஹவுஸ்வைவ்ஸ்'. 2006ல் அமெரிக்காவின் ஆரஞ்சு கவுன்டியில், கேட் போட்டுக் காவலாளி வைத்த ஒரு குடியிருப்பில் தொடங்கியது. பிறகு நியூயார்க், அட்லாண்டா, நியூ ஜெர்சி, பெவர்லி ஹில்ஸ் என்று அந்த நாட்டுக்குள்ளேயே பரவி, அப்புறம் மெல்போர்ன், ஜோஹன்னஸ்பர்க், லாகோஸ் என்று கடல் தாண்டியது. 2022 ஜூனில் துபாய்க்கு வந்தது. இந்தத் தொடரின் சொந்தக்காரரான அமெரிக்க பிராவோ சேனல் தன் நாட்டுக்கு வெளியே தானே எடுத்த முதல் ஹவுஸ்வைவ்ஸ் அதுதான். அதே வருடம் அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் 'துபாய் பிளிங்' வந்தது. அதில் ஆண்களும் உண்டு, சண்டை இன்னும் அதிகம்.

துபாய் ஹவுஸ்வைவ்ஸில் முதல் சீசனில் ஆறு பேர். லண்டனிலிருந்து வந்தவர், கென்யாவில் பிறந்த மாடல், ஜமைக்காக்காரர் என்று ஆளுக்கு ஒரு நாடு. ஆறில் ஒருவர்தான் அந்த மண்ணின் எமிராட்டி பெண். தைக்கிறவள் என்பதால் எனக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. அந்த கவுன்களில் பாதி உட்கார்வதற்குத் தைத்தவையே இல்லை, நிற்பதற்கு மட்டும் தைத்தவை. உட்காரும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பாருங்கள். முதுகுப் பக்கம் மைக் பெட்டி புடைத்துக்கொண்டிருக்கும். தனியாக நாற்காலியில் உட்கார்ந்து "அவள் அப்படிச் சொன்னாள்" என்று புறம் பேசுகிற காட்சிகள் பலவற்றில் ஒரே உடை, ஒரே தலையலங்காரம் திரும்பத் திரும்ப வரும். பிறகு மொத்தமாக எடுத்துச் சேர்த்தது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம்.

வெறும் பகட்டு மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் கென்யப் பெண், சானல் அயான், சின்ன வயதில் தன் பிறப்புறுப்பைச் சிதைத்த சடங்கைப் பற்றி முதல் சீசனில் பேசினார். அன்றைக்கு என் கடையில் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டோம். இந்த வகை நிகழ்ச்சியால் மனசு வைத்தால் உண்மையும் பேச முடியும் என்பதற்கு எனக்கு அந்த ஒரு காட்சி போதும். அதனால்தான் உங்களிடம் கேட்கவும் தோன்றுகிறது. ஒன்றுக்கும் உதவாது என்றால் கடிதம் எழுதி என்ன பயன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கணக்கு தெரியும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான், 1989ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரிக்குள்தான் இருந்தது, 2004ல்தான் தனி மாவட்டமானது. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களெல்லாம் உட்கார்ந்து சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று வாய்விட்டுச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, கைநாட்டு வைத்தார்கள். வரவுப் பக்கம் காலியாக இருந்து செலவுப் பக்கம் மட்டும் நிரம்பியிருந்தால் அந்த நோட்டை எந்தக் கூட்டத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "எங்கிருந்து வந்தது யக்கா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

இதே தருமபுரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு, சொல்லக் கூசுகிற கணக்கு. பெண் குழந்தையைச் செலவுப் பக்கத்தில் மட்டுமே எழுதிய ஊர் இது. கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே 1992ல் சேலத்தில் தொட்டில் வைத்தது. 2001ல் அந்தத் திட்டம் தருமபுரிக்கும் வந்தது. நாற்று நட்டதும் கல் சுமந்ததும் பால் கறந்ததும் அந்தக் கணக்கில் வரவாக ஏறவே இல்லை. ஆகையால் ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு என்றால் எங்களுக்கு ஒரு பயம் உண்டு.

உங்கள் தொடர்களில் நாங்கள் பார்ப்பது முழுக்கச் செலவுப் பக்கம். பை என்ன விலை, பிறந்தநாள் விருந்துக்கு எவ்வளவு ஆயிற்று, எந்தத் தீவுக்குத் தனி விமானத்தில் போனார்கள் என்பதெல்லாம் பேச்சிலேயே வந்துவிடும். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையும் வராது. கேட்டால் "பிசினஸ்". அது என்ன பிசினஸ் என்று போலீஸ் சொல்லித்தான் பல பேருக்குத் தெரிந்திருக்கிறது. நியூ ஜெர்சித் தொடரில் டெரேசா ஜூடிச்சே என்பவர் கட்டுக்கட்டாக நோட்டை எண்ணிக் கொடுத்து வீட்டுக்கு மேசை நாற்காலி வாங்கினார். ஒளிபரப்பானது 2009ல். அதே வருடம் கணவனும் மனைவியும் திவால் மனு கொடுத்தார்கள். அதில் சொத்தை மறைத்தது உட்பட மோசடிக் குற்றங்களுக்காக 2014ல் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. சால்ட் லேக் சிட்டித் தொடரில் இருந்த ஜென் ஷா 2021 மார்ச்சில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கைதானார். போன் போட்டு ஆட்களை ஏமாற்றிப் பணம் பிடுங்கிய வழக்கு. ஏமாந்தவர்களில் வயதானவர்கள் நிறைய பேர். 2023 ஜனவரியில் ஆறரை ஆண்டுத் தண்டனை. அவரிடமிருந்து பறிமுதல் செய்த பைகளிலும் நகைகளிலும் பல போலி என்று தெரியவந்தது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த பையே டூப்ளிகேட்!

சிரித்தோம், ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. பெருந்துறைப் பக்கத்திலிருந்து கிளம்பி 2012ல் அம்பலமான ஈமு கோழி மோசடியில் பணம் கட்டியவர்கள் கொங்கு நாடு முழுக்க இருக்கிறார்கள். பளபளப்பான விளம்பரத்தையும் பெரிய காரையும் பார்த்து, இவ்வளவு செலவு பண்ணுகிறவனிடம் பணம் இல்லாமலா இருக்கும் என்று நம்பித்தான் கட்டினார்கள். செலவைக் காட்டி வரவை நம்ப வைப்பது எங்களுக்குப் புதிதில்லை. நீங்களும் தெரியாமல் அதற்கு மேடை போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. நடிக்க வருகிறவர்களின் தொழில் என்ன, பதிவு செய்ததா, வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா என்று பார்த்துவிட்டு எடுங்கள். இது பெரிய வேலை இல்லை, சீட்டுப் பிடிக்கிறவரைப் பற்றி நாங்கள் விசாரிக்கிற அளவு விசாரித்தால் போதும்.

இதைவிட என் மனசை அரிப்பது சம்பளம். அந்த வீடுகளைப் பாருங்கள். பத்துப் பதினைந்து பேருக்கு விருந்து நடக்கும், கோபத்தில் ஒரு சீமாட்டி கண்ணாடிக் கிளாஸை வீசுவார். அடுத்த காட்சியில் தரை பளிங்கு மாதிரி இருக்கும். யார் கூட்டினார்கள்? ஒரு பெண் கேமராவின் ஓரத்தில் தட்டோடு போவார், முகம் பாதி தெரியும், பெயர் வராது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் கதவுக்குப் பின்னால் மறைவார். வாசலில் டிரைவர் நிற்பார். பையின் விலை தெரிந்த எங்களுக்கு இவர்கள் ஒருவரின் சம்பளமும் தெரியாது.

இந்தப் பெண்களை எங்களுக்குத் தெரியும் என்பதுதான் இதில் உறுத்தல். எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே ஆந்திராவில் கடப்பா, சித்தூர் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் ஏராளம். எங்கள் பெண்கள் அதிகமாகப் போவது பெங்களூருக்கு. அடுக்குமாடி வீடுகளில் காலையில் சமையல், மதியம் பாத்திரம், ஓய்வு நேரத்தில் குழந்தை. பணக்கார வீட்டை உள்ளிருந்து பார்த்தவர்கள் அவர்கள். துபாய் விருந்துக் காட்சி வரும்போது நாம் உடையைப் பார்ப்போம், அவர்கள் "இத்தனை தட்டையும் யாரு கழுவுவா?" என்பார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. அமீரகத்தில் 2022ல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டப்படி வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓய்வு, அதில் 8 மணி நேரமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்ளலாம். துபாய் ஹவுஸ்வைவ்ஸ் ஒளிபரப்பான அதே வருடத்தில் வந்த சட்டம் இது. சிங்கப்பூரிலும் மாதத்தில் ஒரு நாளாவது, காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத கட்டாய விடுமுறை தர வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து விதி. ஆனால் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அந்த வீட்டுக்குள் போகிற ஒரே வெளியாள் கேமராமேன்தான். அவரும் பையைத்தான் பார்க்கிறார்.

இங்கிருந்து போகிற வழியும் நேராக இல்லை. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில், வளைகுடா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்று குறிப்பு இருக்கும். 30 வயதாகாத பெண்ணுக்கு வீட்டு வேலைக்கு அந்த அனுமதி கிடையாது. 30 தாண்டியவரையும் தனியார் ஏஜென்ட் அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 1978லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. இது தெரியாமல், அல்லது தெரிந்தே, விசிட் விசாவில் ஏற்றி அனுப்புகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போனவருக்கு அங்கே எந்தச் சட்டம் துணை வரும்? உங்கள் தொடரில் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்கினால், அரசு ஒட்டுகிற போஸ்டரைவிட அதிகம் பேருக்குப் போய்ச் சேரும். நாங்கள் போஸ்டர் படிப்பதில்லை. சண்டைக்கு நடுவில் வந்தால் கேட்போம்.

ஒரு சின்ன விலகல். அந்த வீடுகளின் சமையலறை மேடையைப் பார்க்கும்போதெல்லாம் எங்களில் யாராவது "நம்ம ஊரு கல்லுடி" என்பார்கள். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் நடக்காத காரியம் இல்லை. கிருஷ்ணகிரி கிரானைட்டு, அதிலும் 'பாரடைசோ' என்று வெளிநாட்டில் பெயர் வைத்திருக்கிற அந்த அலை அலையான கல், உலகம் முழுக்கப் போகிறது. விருந்து மேசையில் ரோஜா அடுக்கியிருப்பார்கள். அது கென்யாவிலிருந்தும் வந்திருக்கலாம், ஓசூரிலிருந்தும் வந்திருக்கலாம். ஓசூர் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14க்கு முன்னால் பூ வெட்டித் தரம் பிரித்துக் கட்டுகிற வேலையில் எங்கள் பெண்கள் நிறைய. மாங்கூழும் அப்படித்தான். பெங்களூரா மாம்பழத்தை அரைத்து டின்னில் அடைத்துச் சவூதி, ஏமன், அமீரகம் என்று அனுப்புகிறோம். சீசனில் அந்தக் கம்பெனிகளில் பழம் கழுவி நறுக்குகிறவர்களின் கை, சீசன் முடிகிறவரை பால் பட்டு வெந்துதான் இருக்கும். பழத்துக்கு விலை விழுந்து, பறிகூலி கட்டாமல் மரத்திலேயே விட்ட வருடங்களும் உண்டு. ஆகவே "வெளிநாட்டு வாழ்க்கை, நமக்கென்ன சம்பந்தம்" என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். கல்லும் பூவும் போகிற வீட்டைத்தான் பார்க்கிறோம்.

உங்கள் சீரியல்களும் பெரிதாக யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜமீன் மாதிரி வீடு, பட்டுப்புடவையோடு தூங்கி எழுகிற மாமியார், வேலைக்கார அம்மா வருவது கதவுக்குப் பின்னால் நின்று ரகசியத்தை ஒட்டுக்கேட்க மட்டும். ஆனாலும் அங்கே அந்த அம்மாவுக்கு ஒரு பெயராவது இருக்கும். ரியாலிட்டியில் அதுவும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பையின் விலையைச் சொல்கிற தொடர், அந்த வீட்டில் வேலை செய்கிறவருக்கு மாதம் எவ்வளவு, வார விடுமுறை எந்த நாள், கடைசியாக ஊருக்குப் போனது எப்போது என்பதையும் திரையில் எழுத்தில் போட வேண்டும். சம்பளத்தைச் சொல்ல மறுக்கிற வீட்டைத் தொடரில் சேர்க்காதீர்கள். கணக்குக் காட்டாதவருக்கு எங்கள் குழுவிலேயே கடன் கிடையாது, உங்கள் ஒரு மணி நேர ஒளிபரப்பு அதைவிட மலிவா?

இதற்கு உங்களில் ஒருவர் சொல்லப்போகிற பதிலும் எனக்குத் தெரியும். "கேமரா முன் பேசினால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்." நியாயமான பேச்சு. அங்கே விசாவே அந்த வீட்டு எஜமானரின் கையில். எஜமானியம்மா பக்கத்தில் நிற்கும்போது மைக்கை நீட்டி "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டால் யாரும் சந்தோஷம் என்றுதான் சொல்வார்கள். ஆகவே முகம் காட்டச் சொல்லவில்லை, பேட்டியும் கேட்கவில்லை. விருப்பம் உள்ளவர் பேசட்டும், மற்றவருக்குக் கட்டாயம் வேண்டாம். ஆனால் சம்பளத்தை அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லையே. கொடுக்கிறவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒப்பந்தம் போடும்போது நகை, உடை, வீட்டுக்குள் எந்த அறையில் கேமரா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அதில் ஒரு வரி சேர்க்க எத்தனை நேரம் ஆகும்?

இன்னொன்று, வேலையாட்கள் படத்தில் வருகிற நேரத்துக்கு அவர்களுக்கும் பணம் கொடுங்கள். சீமாட்டிகளுக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறீர்கள். காபி கொண்டுவருகிறவரும் அதே எபிசோடில்தான் வருகிறார். நாலு தடவை எடுத்தால் நாலு தடவை காபி கொண்டுவருகிறார்.

கல்யாண சீசனில் ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கை கேட்டு வருகிறவர்கள், இந்தத் தொடர்களில் பார்த்த கழுத்து டிசைனைப் போனில் காட்டி "இதே மாதிரி" என்கிறார்கள். அதை இருட்டும்வரை உட்கார்ந்து ஊசியால் போடுகிற பெண்ணுக்கு நான் கொடுக்கிற கூலியை, பில்லில் தனி வரியாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். சில பேர் முகம் சுளிக்கிறார்கள். "இவ்வளவுதான் அவளுக்கா?" என்று கேட்டவர்களும் உண்டு. அதனால் கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று, எனக்கு லாபம் கொஞ்சம் குறைந்தது. உங்களுக்கும் குறையலாம்.

தமிழில் இந்தத் தொடரை எடுப்பதாக இருந்தால், உடை தைக்க ஆள் தேடுவீர்கள். காவேரிப்பட்டணத்தில் தரமாகத் தைப்போம், சொன்ன தேதிக்குக் கொடுப்போம். உட்காரக்கூடிய மாதிரியே தைப்போம். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வோம், அதை நீங்கள் திரையில் போட்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்துத் தையற்காரி ஒருத்தி,
என்னோடு ஊக்கு தைத்துக்கொண்டே பார்க்கிறவர்கள் சார்பாகவும்